திருகோணமலையில் இருந்து பொட்காஸ்ட் கேட்பவருக்கு எந்தச் செயலி பொருந்தும்?

கைத்தொலைபேசியில் பொட்காஸ்ட் கேட்பதற்கு எந்தச் செயலியை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு இணையத்தில் விடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இணைப்பு எந்நேரமும் அறாமல் கிடைக்கும் நகரங்களில் இருந்து எழுதப்பட்டவை. ஆகவே செயலியின் தோற்றத்தையும் அது செய்யும் பரிந்துரைகளையும் முதலில் எடைபோட்டுவிட்டு, பதிவிறக்க வசதியைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. திருகோணமலையில் இருப்பவருக்கு அந்த வரிசை தலைகீழாக வேண்டும். கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீற்றர். ரயிலில் போனாலும் பஸ்ஸில் போனாலும் கந்தளாய்க்கு அப்பால் காட்டை ஊடறுக்கும் பகுதிகளில் கவரேஜ் விட்டுவிட்டுத்தான் வரும். கடற்றொழிலுக்குப் போகிறவர்களின் படகில் கரை கண்ணுக்கு மறையும்போது சிக்னலும் மறைந்துவிடும். மின்சாரம் நின்றால் வீட்டு ரவுட்டரும் நிற்கும் என்பதை, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்த 2022 மார்ச் இறுதி நாட்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டன.

எனவே இந்த ஒப்பீட்டில் நான் முதலிடம் கொடுப்பது, இணைப்பே இல்லாத நேரத்தில் செயலி எவ்வளவு ஒழுங்காக இயங்குகிறது என்பதற்கு. அதற்கு அடுத்ததாக, நாம் பின்தொடரும் நிகழ்ச்சிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறொரு செயலிக்குப் போக வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். பஸ் இரைச்சலில் குரல் தெளிவாகக் கேட்குமா, டேட்டா எவ்வளவு செலவாகும், தமிழ் நிகழ்ச்சிகளைத் தேடிப் பிடிக்க முடியுமா என்பவை அதன் பின்னர் வருகின்றன. விலை ஏறத்தாழ ஒரு பொருட்டே அல்ல. இங்கே பேசப்படும் செயலிகள் எல்லாவற்றையும் பணம் கொடுக்காமலே பயன்படுத்தலாம்.

செயலிகளுக்குள் நுழையுமுன் பொட்காஸ்ட் எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சிறிது விளங்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் தெரிவின் பாதி அதில் அடங்கியிருக்கிறது. நிகழ்ச்சி தயாரிப்பவர் ஒலிக்கோப்புகளை ஒரு சேவையகத்தில் வைத்துவிட்டு, அவற்றின் தலைப்பு, திகதி, முகவரி ஆகியவற்றைக் கொண்ட ஒரு பட்டியலை வெளியிடுகிறார். ஆர்.எஸ்.எஸ். எனப்படும் அந்தப் பட்டியலில் ஒலிக்கோப்பை இணைக்கும் முறையை டேவ் வைனர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் சேர்த்தார். 2005 ஜூனில் அப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பொட்காஸ்டுக்கு இடமளித்த பிறகு அது பரவலானது. செயலி செய்கிற வேலை, அந்தப் பட்டியலைக் குறித்த இடைவெளியில் போய்ப் பார்த்து, புதிதாக ஏதும் வந்திருந்தால் இறக்கிவைத்து, ஓடவிடுவது மட்டுமே. அதனால் ஒரே நிகழ்ச்சியை எந்தச் செயலியிலும் கேட்கலாம். நிகழ்ச்சிக்கும் செயலிக்கும் இடையில் உடைமை உறவு எதுவும் கிடையாது. இந்தப் பொது வழியில் இருந்து விலகி நிற்பவை ஸ்பொட்டிஃபையும் யூடியூபும்தான். அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

வானொலி இந்த ஊருக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிக்கு மறுஒலிபரப்பு நிலையம் ஒன்று நீண்ட காலம் திருகோணமலையில்தான் இயங்கியது. இரவு ஒன்பதேகால் மணிக்குச் சிற்றலையில் பி.பி.சி. தமிழோசையைப் பிடித்துக் கேட்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. 1941இல் தொடங்கிய அந்தச் சேவை 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் நின்றுபோனது. இன்று அவுஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் ஒலிபரப்பின் செய்திகளையும் நேர்காணல்களையும் உப்புவெளியில் இருப்பவரும் பொட்காஸ்டாகக் கேட்கலாம். நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்கும் பழக்கம் நமக்கு முன்னரே இருந்தது, கருவி மட்டும் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால், வானொலிப் பெட்டியிடம் எதிர்பார்த்த நம்பகத்தையே செயலியிடமும் எதிர்பார்க்கலாம்.

டேட்டாக் கணக்கு

பேச்சு நிகழ்ச்சி ஒன்று விநாடிக்கு 64 கிலோபிற் அளவில் பதிவாகியிருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 29 எம்.பி. செலவாகும், 128 கிலோபிற் என்றால் 58 எம்.பி. அளவில் வரும். அதே உரையாடலை யூடியூபில் நடுத்தரத் தரத்தில் காணொளியாக ஓடவிட்டால் பல நூறு எம்.பி. போய்விடும். இந்தக் கணக்கின்படி பொட்காஸ்ட் செயலிக்கே வெற்றி. ஆயினும் இலங்கையின் கைத்தொலைபேசிப் பொதிகள் கணக்கைக் குழப்பிவிடுகின்றன. யூடியூபுக்கும் சமூக ஊடகங்களுக்கும் என்று தனியாக விற்கப்படும் பொதியைப் போட்டிருப்பவருக்கு யூடியூபில் கேட்பது செலவே இல்லாததுபோல் தோன்றும். பொட்காஸ்ட் செயலியில் கேட்டால் அது சாதாரண டேட்டாவில் கழியும். இங்கே பலர் பொட்காஸ்ட் செயலி ஒன்றை நிறுவாமலே இருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

அதற்கு மாற்று, மொபைல் டேட்டாவில் எதையும் ஓடவிடாமல், வீட்டிலோ வேலைத்தலத்திலோ வைஃபை இருக்கும்போது இறக்கிவைத்துக்கொள்வது. சில வீட்டு இணையப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்தத் தனி ஒதுக்கீடு இருப்பதால், அந்த நேரத்தில் தானாகவே இறக்கிக்கொள்ளும் செயலி மிகவும் பயன்படும். யூடியூபில், கட்டணச் சந்தா இல்லாதவர் திரையை அணைத்தால் ஒலியும் நின்றுவிடும். இரண்டு மணித்தியாலம் திரையை எரியவிட்டால் பற்றரி எந்த நிலைக்கு வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிலாவெளி பஸ்ஸில் போனைச் சட்டைப்பையில் போட்டபடி கேட்க விரும்புகிறவருக்கு யூடியூப் ஒத்துவராது.

வெளியேறும் வழி ஏன் முக்கியம்

கூகுள் நிறுவனம் 2018 ஜூனில் கூகுள் பொட்காஸ்ட்ஸ் என்ற செயலியை வெளியிட்டது. எளிமையானது, விளம்பரம் அற்றது, அன்ட்ரொயிட் போன் வைத்திருந்த பலருக்கு அதுவே முதற் பொட்காஸ்ட் செயலி. 2023 செப்டெம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவிலும், அதைத் தொடர்ந்து அவ்வாண்டு நடுப்பகுதியில் மற்ற நாடுகளிலும் அது நின்றுபோனது. அதற்கு முன்னர் 2023 ஓகஸ்டில் ஸ்டிச்சர் என்ற பழைய செயலியும் மூடப்பட்டிருந்தது. இவ்வளவு பெரிய நிறுவனத்தின் செயலிக்கே ஆறு ஆண்டு ஆயுள் என்றால், எந்தச் செயலியைத் தெரிவுசெய்தாலும் அது ஒருநாள் இல்லாமற் போகலாம் என்று வைத்துக்கொண்டே தெரிவுசெய்ய வேண்டும்.

நல்லவேளையாக இதற்கு ஓ.பி.எம்.எல். என்ற கோப்பு வடிவம் இருக்கிறது. நாம் பின்தொடரும் நிகழ்ச்சிகள் அனைத்தின் முகவரிகளும் அந்தச் சிறு கோப்பில் அடங்கும். ஒரு செயலியில் ஏற்றுமதி செய்து இன்னொன்றில் இறக்குமதி செய்தால் பட்டியல் முழுவதும் வந்து சேரும். அன்டெனாபொட், பொட்காஸ்ட் அடிக்ட், பொக்கெட் காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட் ஆகிய நான்கு செயலிகளும் இதற்கு இடம் தருகின்றன. ஸ்பொட்டிஃபை தருவதில்லை. அந்தக் கோப்பை எப்போதாவது ஒருமுறை எடுத்துத் தமக்குத் தாமே மின்னஞ்சலில் அனுப்பிவைப்பவருக்கு, போன் கடலில் விழுந்தாலும் பட்டியல் மிஞ்சும்.

அன்டெனாபொட்

அன்ட்ரொயிட் போன் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2012 முதல் கிடைத்துவரும் இந்தச் செயலி, எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலநிரலில், தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்வது. கணக்குத் திறக்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் கேட்பதில்லை, செயலிக்குள் விளம்பரம் இல்லை. ஆனால் நிகழ்ச்சியின் ஒலிக்குள்ளேயே கோக்கப்பட்டு வரும் விளம்பரங்களை இந்தச் செயலியாலும் நீக்க முடியாது; பல பெரிய தயாரிப்பாளர்கள் கேட்பவரின் நாட்டைப் பார்த்துப் பதிவிறக்கும் கணத்தில் விளம்பரத்தைச் சேர்க்கிறார்கள். செயலியில் விளம்பரம் இல்லை என்பதற்கும் நிகழ்ச்சியில் விளம்பரம் இல்லை என்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை.

இந்த ஊருக்கு அது பொருந்துவதற்குக் காரணம் அதன் டேட்டாக் கட்டுப்பாடுகளின் நுணுக்கம். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது நிகழ்ச்சிப் பட்டியலைப் புதுப்பிக்கலாமா, நாமாகக் கேட்டால் இறக்கலாமா, தானாக இறக்கலாமா, இறக்காமல் நேரடியாக ஓடவிடலாமா, படங்களை எடுக்கலாமா என்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை என்று சொல்லலாம். எத்தனை நிகழ்ச்சிகளுக்கு மேல் சேர்க்கக்கூடாது, கேட்டு முடித்ததை அழிக்க வேண்டுமா, சார்ஜில் இருக்கும்போது மட்டும் இறக்க வேண்டுமா என்பவற்றையும் தீர்மானிக்கலாம். கோப்புகளை மெமரி கார்டில் வைக்கும் வசதி, 32 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய போன்களுக்குப் பெரிய உதவி. இவற்றை ஒருதடவை ஒழுங்குபடுத்திவிட்டால் இரவில் போனை வைஃபையில் சார்ஜ் போட்டு வைத்திருப்பவருக்குக் காலையில் புதிய நிகழ்ச்சிகள் காத்திருக்கும்.

இன்னொரு வசதியை நம்மவர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்தலாம். போனில் உள்ள ஒரு கோப்புறையையே பொட்காஸ்டாகச் சேர்க்க அன்டெனாபொட் அனுமதிக்கிறது. கோணேசர் கோயில் திருவிழாக் காலச் சொற்பொழிவு, உயர்தர வகுப்பு ஆசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பு, உறவினர் ஒருவரின் பழைய நாடகப் பதிவு என்று வட்ஸ்அப்பில் வந்து குவியும் ஒலிக்கோப்புகளை ஒரே கோப்புறையில் போட்டுவைத்தால், விட்ட இடத்தில் இருந்து தொடரும் வசதியும் வேகக் கட்டுப்பாடும் அவற்றுக்கும் கிடைக்கும். சாதாரண இசைச் செயலிகள் ஒன்றரை மணித்தியாலச் சொற்பொழிவின் நடுவில் நாம் நிறுத்திய இடத்தை மறந்துவிடுவதுண்டு; அந்தத் தொல்லை இதில் இல்லை.

குறைகளும் உண்டு. பட்டியல்களைப் புதுப்பிக்கும் வேலையைப் போனே செய்கிறது. இடையில் வேறு சேவையகம் எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான பழைய நிகழ்ச்சிகளைக் கொண்ட பட்டியல்களைப் பெருந்தொகையாகப் பின்தொடர்பவருக்கு, ஒலியை இறக்காமலே சிறிது டேட்டா கரையும். அதனால் மணிக்கொரு தடவை புதுப்பிக்காமல் நாளுக்கு ஒருதடவை என்று வைத்துக்கொள்வது போதும். இரண்டு கருவிகளுக்கிடையே கேட்ட இடத்தை ஒத்திசைக்க வேண்டுமானால் ஜிபொடர் அல்லது நெக்ஸ்ட்கிளவுட் போன்ற வெளிச் சேவையொன்றை இணைக்க வேண்டியிருக்கும். அதைப் பொறுமையுள்ளவர்களே செய்வார்கள். ஐபோனுக்கு இந்தச் செயலி இல்லவே இல்லை. மறுபுறத்தில், 2019க்குப் பின் வந்த, கூகுள் சேவைகள் இல்லாத ஹுவாவி போன்களில் எஃப்-டிரொய்ட் என்ற செயலிக் களஞ்சியத்தின் வழியாக இதை நிறுவிக்கொள்ளலாம். அந்தப் போன்களை வைத்திருப்பவர்களுக்கு வேறு நல்ல தெரிவுகள் குறைவு.

பொக்கெட் காஸ்ட்ஸ்

அழகும் ஒழுங்கும் வேண்டும், போனிலும் டப்லெட்டிலும் மாறி மாறிக் கேட்பேன், வீட்டில் ஒருவர் ஐபோனும் மற்றவர் அன்ட்ரொயிட்டும் வைத்திருக்கிறோம் என்பவர்களுக்கு இதுவே பொருத்தம். 2010இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய இந்தச் செயலி, 2018இல் அமெரிக்கப் பொது வானொலி அமைப்புகளின் கூட்டொன்றுக்கும், 2021இல் வேர்ட்பிரஸ்.கொம் தளத்தை நடத்தும் ஓட்டோமட்டிக் நிறுவனத்துக்கும் கைமாறியது. 2022இல் இதன் கைத்தொலைபேசிச் செயலிகளின் மூலநிரல் திறந்துவிடப்பட்டது. உரிமையாளர் பலமுறை மாறியது சிலருக்குத் தயக்கம் தரலாம். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, ஏனெனில் ஓ.பி.எம்.எல். ஏற்றுமதி எப்போதும் கைவசம் இருக்கிறது.

அன்டெனாபொட்டில் இருந்து இது அடிப்படையில் வேறுபடும் இடம், பட்டியல்களைப் புதுப்பிக்கும் வேலையை நிறுவனத்தின் சேவையகம் செய்கிறது என்பதே. போன் அந்தச் சேவையகத்திடம் புதிதாக என்ன வந்தது என்று மட்டும் கேட்கிறது. டேட்டாவும் பற்றரியும் மிச்சமாகின்றன. புதிய நிகழ்ச்சி வந்த செய்தியும் விரைவாக வருகிறது. அதற்கு ஈடாக, நாம் எதைக் கேட்கிறோம் என்பது அந்தச் சேவையகத்துக்குத் தெரிகிறது. தான் கேட்பதை யாரும் குறித்துவைக்கக்கூடாது என்று கருதுவோருக்கு, நம் நாட்டில் அப்படிக் கருதக் காரணமுள்ளவர்கள் பலர் உண்டு, அன்டெனாபொட்டே மேல்.

ஓசையற்ற இடைவெளிகளைச் சுருக்குவது, குரலை உயர்த்துவது, வேகத்தைச் சிறிது சிறிதாக மாற்றுவது ஆகியவை இதில் நன்றாக இயங்குகின்றன. அடுத்துக் கேட்க வேண்டியவற்றின் வரிசையை அமைப்பது இங்கே மிக இலகு; அந்த வரிசையில் போட்டவற்றை மட்டும் வைஃபையில் தானாக இறக்கும்படியும் சொல்லலாம். நீண்ட பயணத்துக்கு முந்தைய மாலை ஐந்தாறு நிகழ்ச்சிகளைப் பொறுக்கி வரிசையில் போட்டுவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் எல்லாம் போனில் இருக்கும். கோப்புறைகளாகப் பிரித்தல் போன்ற சில வசதிகளுக்கு டொலரில் சந்தா கேட்பார்கள். அவை இல்லாமலும் குறை தெரியாது.

பொட்காஸ்ட் அடிக்ட்

2011 முதல் அன்ட்ரொயிட்டில் மட்டும் கிடைப்பது. இதில் இல்லாத அமைப்பு எதுவுமில்லை என்று சொல்லுமளவுக்குத் தெரிவுகள் நிறைந்திருக்கின்றன. அதுவே இதன் பலம், அதுவே இதன் பாரம். பொட்காஸ்டோடு இணைய வானொலிகளையும், யூடியூப் சேனல்களையும், ஒலிப்புத்தகங்களையும் ஒரே இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வானொலியை இன்னும் விடாதவர்களுக்கு இந்தச் சேர்க்கை பிடிக்கும். இலவச வடிவில் திரையில் விளம்பரம் தோன்றும். அமைப்புகளோடு மல்லுக்கட்டுவதில் இன்பம் காண்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். மற்றவர்கள் அன்டெனாபொட்டோடு நின்றுகொள்ளலாம்.

ஸ்பொட்டிஃபை

2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்த ஸ்பொட்டிஃபை, பாடலுக்காகப் பலருடைய போனில் ஏற்கெனவே இருக்கிறது. பாடல்களை இறக்கிவைக்கச் சந்தா வேண்டும் என்றாலும் பொட்காஸ்ட் நிகழ்ச்சிகளைச் சந்தா இல்லாமலே இறக்கிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாத நல்ல செய்தி. தமிழ்நாட்டின் தமிழ் நிகழ்ச்சிகள் பல அங்கே குவிந்திருப்பதும் உண்மை. இந்நிறுவனம் 2019இல் ஆங்கர் என்ற இலவசப் பதிவேற்றச் சேவையை வாங்கியது. செலவில்லாமல் பொட்காஸ்ட் தொடங்க விரும்பிய தமிழர்கள் பலர் அந்த வழியாகவே வந்தார்கள். அங்கே பதிவேற்றுகிறவர் ஆர்.எஸ்.எஸ். பட்டியலைத் திறந்துவிடாவிட்டால் அந்த நிகழ்ச்சி ஸ்பொட்டிஃபைக்கு வெளியே எங்கும் கிடைக்காது. அப்படிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றில் மனம் ஒட்டிவிட்டால் வேறு வழியில்லை; அதற்காக மட்டும் இதை இரண்டாவது செயலியாக வைத்துக்கொள்ளலாம்.

முதற் செயலியாக நான் இதைச் சொல்லாததற்குக் காரணம், கதவு ஒரு பக்கமே திறக்கிறது என்பது. வெளியே உள்ள ஒரு நிகழ்ச்சியின் ஆர்.எஸ்.எஸ். முகவரியை இதில் சேர்க்க முடியாது. உள்ளே பின்தொடர்பவற்றின் பட்டியலை ஓ.பி.எம்.எல். ஆக வெளியே எடுக்கவும் முடியாது. இறக்கிவைத்தவை நிலைக்க வேண்டுமானால் 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும். பாடல்களும் காணொளிகளும் பரிந்துரைகளும் ஒரே திரையில் நெருக்குவதால், கேட்க வந்த நிகழ்ச்சியைத் தேடிப் பிடிப்பதே சில வேளை தனி வேலையாகிவிடுகிறது.

ஐபோன் வைத்திருப்பவர்கள்

இவர்களுடைய தெரிவு சுருக்கமானது. அப்பிள் பொட்காஸ்ட்ஸ் போனோடு கூடவே வருகிறது. விளம்பரமில்லை, பதிவிறக்கம் ஒழுங்காக நடக்கிறது, ஆர்.எஸ்.எஸ். முகவரி கொடுத்தும் நிகழ்ச்சியைச் சேர்க்கலாம். 2024 மார்ச்சில் பேச்சை எழுத்தாகக் காட்டும் வசதியும் வந்தது. ஆனால் தொடக்கத்தில் அது ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய நான்கு மொழிகளுக்கே கிடைத்தது என்பதால் தமிழ் கேட்பவர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. அன்ட்ரொயிட்டில் இந்தச் செயலி கிடையாது. அடுத்த போன் ஐபோனாக இராது என்று நினைப்பவர் இப்போதே பொக்கெட் காஸ்ட்ஸில் தொடங்குவது நல்லது.

ஓவர்காஸ்டை மார்க்கோ ஆர்மென்ட் என்ற ஒரே நிரலாளர் 2014இல் வெளியிட்டார்; இன்றுவரை அதை ஐபோனுக்கென்றே வளர்த்துவருகிறார். பேச்சுக்கிடையிலுள்ள அமைதியை, கேட்பவர் உணராத விதத்தில் சுருக்குவதிலும், மங்கலான குரலை எடுப்பாக்குவதிலும் இதற்கு நிகரானதை நான் கேட்டதில்லை. ஒருவரையே நம்பியிருக்கும் செயலி என்ற அச்சம் நியாயமானதுதான். ஆயினும் கூகுளைவிட அவர் நீண்ட காலம் நின்றுபிடித்திருக்கிறார்.

தமிழ் கேட்பவர் கவனிக்க வேண்டியவை

தேடல் முதலாவது. தமிழ் நிகழ்ச்சிகளின் தலைப்புகளைச் சிலர் தமிழ் எழுத்திலும் சிலர் ஆங்கில எழுத்திலும் பதிகிறார்கள். ஆங்கில எழுத்திலும் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். ஆகவே ஒருவகை எழுத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றவுடன் அந்த நிகழ்ச்சி இல்லை என்று முடிவுகட்டக்கூடாது. அன்டெனாபொட் அப்பிளின் பட்டியலிலும், 2020இல் தொடங்கிய பொட்காஸ்ட் இண்டெக்ஸ் என்ற திறந்த பட்டியலிலும் தேட வழிதருவதால், ஒன்றில் அகப்படாதது மற்றதில் அகப்படுவதுண்டு. அப்படியும் கிடைக்காவிட்டால் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் உள்ள ஆர்.எஸ்.எஸ். முகவரியைப் பிரதிசெய்து ஒட்டலாம்.

அடுத்தது ஒலியளவு. வீட்டு அறையில் போனிலேயே பதிவாகும் தமிழ் நிகழ்ச்சிகள் பலவற்றில் நெறியாளரின் குரல் உரத்தும் விருந்தினரின் குரல் தாழ்ந்தும் இருக்கும். கின்னியா பாலத்தைக் கடக்கும் பஸ்ஸின் யன்னலோரத்தில் அந்த விருந்தினர் சொல்வது காதில் விழாது. குரலை உயர்த்தும் வசதி பொக்கெட் காஸ்ட்ஸிலும் ஓவர்காஸ்டிலும் உண்டு. அன்டெனாபொட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனித்தனியாக ஒலியளவைக் கூட்டிவைக்கலாம், அதாவது தாழ்வாகப் பதிவாகும் ஒன்றுக்கு மட்டும் கூட்டினால் போதும். அமைதியைச் சுருக்கும் வசதியை மட்டும் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். அரசியல் உரையாடலுக்கும் பாடத்துக்கும் அது நேரத்தை மிச்சப்படுத்தும். சிறுகதை வாசிப்புக்கும் வானொலி நாடகத்துக்கும் போட்டால் வாசிப்பவர் வேண்டுமென்றே விட்ட மூச்சை அது விழுங்கிவிடும். நிகழ்ச்சிக்கு ஏற்ப இதை மாற்றிவைக்க விடும் செயலியே நல்லது, அன்டெனாபொட், பொட்காஸ்ட் அடிக்ட், பொக்கெட் காஸ்ட்ஸ், ஓவர்காஸ்ட் ஆகிய நான்கும் அதற்கு விடுகின்றன.

மூன்றாவது, செயலியின் குற்றமல்லாத ஒரு தடங்கல். ஷியோமி, ஒப்போ, விவோ, ரியல்மி போன்ற போன்கள் பற்றரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. இரவில் இறங்கியிருக்க வேண்டியவை இறங்காமற்போவதும், திரை அணைந்து சிறிது நேரத்தில் ஒலி நின்றுபோவதும் பெரும்பாலும் இதனால்தான். போனின் அமைப்புகளில் பற்றரி பகுதிக்குப் போய், அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை என்று வைத்துவிட்டால் பிரச்சினை தீரும். அதைச் செய்யாமல் செயலியை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

யாருக்கு எது

சீனக்குடாவில் இருந்தோ நகரில் இருந்தோ வாரந்தோறும் வெளிமாவட்டத்துக்கு வேலைக்குப் போய்வரும் அன்ட்ரொயிட்காரருக்கு அன்டெனாபொட். கோணேசபுரியில் உள்ள வளாகத்தில் படிக்கும், போனிலும் டப்லெட்டிலும் மாறி மாறிக் கேட்கும் மாணவருக்குப் பொக்கெட் காஸ்ட்ஸ். கடலுக்குப் போகிறவருக்கும் அன்டெனாபொட்டே, ஆனால் மெமரி கார்டோடு. ஐபோனில் எப்போதாவது கேட்பவர் அப்பிளின் செயலியோடு இருக்கலாம். நாள்தோறும் கேட்பவர் ஓவர்காஸ்டை ஒரு வாரம் முயன்று பார்க்கலாம். வேலை செய்தபடி யூடியூப் பொதியில் வீட்டிலேயே கேட்பவருக்கு, திரை எரிவது தொல்லையாக இல்லாதவரை, எதையும் மாற்றவேண்டிய அவசியமில்லை.

வயதான பெற்றோரின் போனில் வைத்துக் கொடுப்பதானால் சிறிது கூடுதல் கவனம் வேண்டும். அன்டெனாபொட்டில் அவர்கள் விரும்பும் இரண்டு மூன்று நிகழ்ச்சிகளை மட்டும் சேர்த்து, வைஃபையில் தானாக இறங்கவும் கேட்டு முடித்தவை தானாக அழியவும் செய்துவிட்டு, இயக்கும் பொத்தானை முகப்புத் திரையில் விட்ஜெட்டாகப் பெரிதாக வைக்கலாம். மொபைல் டேட்டாவில் நேரடியாக ஓடுவதையும் இறங்குவதையும் அமைப்பிலேயே அடைத்துவிட்டால், கை தவறி எதை அழுத்தினாலும் ரீலோட் பணம் கரையாது. கொடுப்பதற்கு முன் போனை விமானப் பயண நிலையில் போட்டு, திரையை அணைத்து, ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தானாகத் தொடங்குகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அங்கே தடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பற்றரி அமைப்பை.